கல்லூரி ஊழியருக்கும் போக்சோ பொருந்தும்: யார், எப்போது, எங்கே தகவல் சொல்வது?

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ என்றால் பள்ளிக்கூடத்துச் சட்டம் என்ற எண்ணம் கல்லூரிகளில் பலருக்கு இருக்கிறது. அது தவறு. 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிறையாத எவரும் குழந்தைதான், ஆணானாலும் பெண்ணானாலும். பத்தாம் வகுப்பு முடித்து பாலிடெக்னிக்கில் சேரும் மாணவருக்கு 15, 16 வயது. பட்டப்படிப்பு முதலாண்டிலும் 17 வயதினர் உண்டு. மாலையில் கல்லூரி மைதானத்துக்குப் பயிற்சிக்கு வரும் பள்ளிப் பிள்ளைகள், என்.எஸ்.எஸ். முகாம் நடக்கும் ஊர்ப் பிள்ளைகள், பி.எட். மாணவர்கள் கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் பள்ளிகளின் பிள்ளைகள் என்று கல்லூரி ஊழியரின் கண்ணில் படும் குழந்தைகள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

சட்டத்தின் 19ஆம் பிரிவு நேரடியானது. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ, உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ சிறப்பு இளஞ்சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும். பேராசிரியர், வார்டன், ஆய்வக உதவியாளர், வாட்ச்மேன், துப்புரவுப் பணியாளர், பேருந்து ஓட்டுநர் எல்லோருக்கும் இந்தக் கடமை உண்டு. சொல்லாமல் விட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தமக்குக் கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும்.

பெரும்பாலும் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஊழியர் துறைத் தலைவரிடம் சொல்கிறார், அவர் முதல்வரிடம் சொல்கிறார், முதல்வர் ஒரு விசாரணைக் குழு போடுகிறார். நாள் ஓடுகிறது, சாட்சியம் அழிகிறது, குழந்தை நாலு பேரிடம் அதே கதையைச் சொல்ல நேர்கிறது. மேலதிகாரியிடம் சொன்னதால் உங்கள் கடமை தீர்ந்துவிடாது. பாலியல் துன்புறுத்தலுக்கான உள் புகார்க் குழு துறை நடவடிக்கையை எடுக்கலாம். அதன் அறிக்கை வரும்வரை காவல்துறைக்குச் சொல்லாமல் காத்திருக்கச் சட்டத்தில் இடமில்லை. நடந்தது உண்மையா என்று கண்டுபிடிப்பது காவல்துறையின் வேலை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்குத் தொடர முடியாது என்று அதே 19ஆம் பிரிவு காப்புத் தருகிறது.

குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களின் பின்னணியைக் காவல்துறை மூலம் சரிபார்க்க வேண்டும், குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சியை அவ்வப்போது நடத்த வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகள் சொல்கின்றன. ஒப்பந்தப் பணியாளருக்கும் இது பொருந்தும். ஆசிரியர்களை மட்டும் அரங்கில் உட்காரவைத்து ஆங்கிலத்தில் ஸ்லைடு காட்டுவதால் பயனில்லை. பிள்ளைகள் மனம் திறப்பது பல நேரம் விடுதிச் சமையல் அக்காவிடமோ வாட்ச்மேன் அண்ணனிடமோதான். அவர்களுக்குத் தமிழில், வேலை நேரத்திலேயே நடத்துங்கள். ஒப்பந்தப் பணியாளர் மாறிக்கொண்டே இருப்பதால் புதிதாக வருபவருக்குச் சேர்ந்த வாரத்திலேயே சொல்லிக்கொடுங்கள்.

பயிற்சியில் முதலில் வருவது அடையாளம் காண்பது. நன்றாகப் படித்த பிள்ளை திடீரென வகுப்புக்கு வராமல் போவது, விடுமுறைக்கு வீட்டுக்குப் போக மறுப்பது, ஒருவர் பெயரைக் கேட்டாலே முகம் மாறுவது, போன் ஒலித்தாலே நடுங்குவது, காரணம் சொல்ல முடியாத காயம், எங்கிருந்து வந்தது என்று தெரியாத பணம் அல்லது புது போன். இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது. மாற்றம் எப்போது தொடங்கியது, எத்தனை முறை கண்ணில் பட்டது என்று தேதியோடு குறித்துவைத்தால் அச்சத்துக்கு அடிப்படை இருக்கிறதா என்பது தெரியும்.

குழந்தை வாய் திறந்தால் குறுக்கிடாமல் கேளுங்கள். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். காப்பாற்ற முடியாத வாக்கு அது. “உன் மேல் தப்பில்லை, உனக்கு உதவி செய்யக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்” என்பது போதும். “அவர்தானே செய்தார்?” என்று பெயரை எடுத்துக்கொடுக்கக் கூடாது. பிறகு, குழந்தை சொன்ன சொற்களை அப்படியே, கொச்சையாக இருந்தாலும் திருத்தாமல் எழுதி, தேதி, நேரம் போட்டுக் கையெழுத்திடுங்கள். வீடியோ எடுக்காதீர்கள். போனில் ஆபாசப் படமோ மிரட்டல் செய்தியோ இருந்தால் அழிக்கவும் வேண்டாம், “ஆதாரம்” என்று யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். குழந்தையின் ஆபாசப் படத்தைப் பகிர்வதே தனிக் குற்றம்.

காவல் நிலையத்தில் தகவலை எழுத்தில் பதிந்து, பதிவு எண் இட்டு, உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அவசரம் என்றால் 112. குழந்தைகள் உதவி எண் 1098 இரவு பகல் எந்நேரமும் இயங்கும், கட்டணம் இல்லை; ஆனாலும் அதோடு நிறுத்தாமல் காவல் நிலையத்துக்கும் சொல்லிவிடுவது நல்லது.

எல்லைப் பிரச்சினை புதுச்சேரி, கடலூர் பகுதியில் அடிக்கடி வரக்கூடியது. புதுச்சேரியின் பாகூர்ப் பிள்ளை கடலூரில் படிக்கும், கடலூர்ப் பிள்ளை புதுச்சேரிக்கு பஸ் ஏறும். எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டினால் வேறு காவல்துறை. சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் அருகிலுள்ள காவல் நிலையம் தகவலைப் பதிந்தே ஆக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. “அது எங்கள் எல்லை இல்லை” என்று திருப்பி அனுப்பினால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

சிகிச்சைக்கு எஃப்.ஐ.ஆர். வரும்வரை காத்திருக்க வேண்டாம். அரசு, தனியார் எந்த மருத்துவமனையானாலும் உடனடியாக, இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தர வேண்டும். முடிந்தவரை குளிக்காமல், உடையைத் துவைக்காமல் அழைத்துப் போங்கள். பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும்.

குற்றம் சாட்டப்பட்டவர் வீட்டிலேயே இருப்பவர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். வழக்கம்போல வீட்டாரை வரச்சொல்லி விடுதியிலிருந்து பிள்ளையை ஒப்படைத்துவிடாதீர்கள். இத்தகைய நிலையில் காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். எங்கே தங்கவைப்பது என்பதைக் குழுதான் முடிவு செய்யும்.

“இருவரும் விரும்பித்தான் பழகினார்கள்” என்ற பேச்சும் எழும். 18 வயதுக்குக் கீழே சம்மதம் சட்டத்தில் செல்லாது. திருமணம் ஆகியிருந்தாலும் அப்படித்தான். தகவல் சொல்லும்போது உறவின் தன்மையை உள்ளபடி சொல்லுங்கள், கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

கடைசியாக, பெயர். பிள்ளையின் பெயர், படம், ஊர், படிக்கும் வகுப்பு எதுவும் வெளியே போகக்கூடாது. ஊழியர் வாட்ஸ்அப் குழுவில் “முதலாண்டு சிவில் மாணவி” என்று ஒரு வரி போட்டாலே யார் என்று தெரிந்துவிடும். எழுதிவைத்த குறிப்பை உறையிலிட்டுப் பூட்டிவையுங்கள்; விடுப்புப் பதிவேட்டில் “சொந்தக் காரணம்” என்று மட்டும் எழுதினால் போதும்.