பக்கவாத ஆராய்ச்சிக்கு உங்கள் போன் நம்பர் ஏன் வேண்டும்?

மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்துப் பக்கவாதம் வந்தால், "ஆபரேசன் பண்ணோணுங்களா, கோயமுத்தூர் கொண்டுட்டுப் போகோணுங்களா" என்றுதான் வீட்டார் முதலில் கேட்பார்கள். ஆபரேஷன் எல்லோருக்கும் தேவைப்படாது. ஆனால் முதல் சில மணி நேரத்தில் வார்டில் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. மேல் ரத்த அழுத்தத்தை ஒரு மணி நேரத்துக்குள் 140-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும், காய்ச்சலை இறக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் அதை முறிக்க மருந்து கொடுக்க வேண்டும்.

இவற்றைச் சேர்த்து உடனே செய்தால் ஆறு மாதம் கழித்து நோயாளிகள் நல்ல நிலையில் இருக்கிறார்கள் என்று 2023-இல் இன்டராக்ட்-3 ஆய்வு காட்டியது. இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். சி.டி. ஸ்கேனும் கவனமான ஆட்களும் இருக்கிற சிறிய ஊர் ஆஸ்பத்திரியிலேயே தொடங்கிவிடலாம். ஒரு நர்ஸாக எனக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது.

அந்த ஆய்வில் இந்தியா உட்பட 10 நாடுகள், 121 மருத்துவமனைகள், 7,036 நோயாளிகள். எதற்கு இத்தனை பேர்? ஒருவர் எழுந்து நடப்பது வயது, கசிவின் அளவு, வந்து சேர்ந்த நேரம் என்று பலவற்றைப் பொறுத்தது. ஒரு சிகிச்சையால் கிடைக்கும் நன்மை அவற்றுக்கு நடுவே சிறியதாகத்தான் தெரியும். ஈரோட்டில் ஒரே ஆஸ்பத்திரி வருடக்கணக்கில் குறித்து வைத்தாலும் அது கண்ணுக்குத் தட்டுப்படாது. பல ஊர்கள் கைகோத்தால்தான் நடக்கும்.

எதிர்பார்த்த பலன் கிடைக்காத ஆய்வும் வேண்டும். இந்தியாவில் 31 மையங்கள் சேர்ந்து 4,298 பேரிடம் நடத்திய ஸ்பிரின்ட் இந்தியா ஆய்வில், பக்கவாதம் வந்தவர்களுக்கு 12 மொழிகளில் கையேடு, குறுஞ்செய்தி, வீடியோ அனுப்பினார்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவது கூடியது. ஆனால் ஒரு வருடத்துக்குள் மறுபடி பக்கவாதம் வருவது குறையவில்லை. இதை வெளிப்படையாகச் சொன்னதால்தான் வேறு வழி தேட முடிகிறது.

சரி, நம்ம பக்கம் வருவோம். ஆய்வு என்றதும் "எங்கய்யன வெச்சு சோதனை பண்றீங்களா" என்று மகன்கள் கோபப்படுவார்கள். கோபம் நியாயம்தான். அதனால் தெரிந்துகொள்ளுங்கள்: நோயாளிகளின் பாதுகாப்பையும் உரிமையையும் பார்க்கிற நெறிமுறைக் குழு அனுமதிக்காமல் எந்த ஆய்வும் நடக்கக் கூடாது. ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும். நோயாளியால் பேச முடியாவிட்டால் நெருங்கிய உறவினர் முடிவு சொல்லலாம். படிக்கத் தெரியாதவருக்கு நடுநிலையான சாட்சி உடனிருக்க வேண்டும். மறுத்தாலும், பாதியில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை குறையாது. வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வருகிறோம் என்றும் சொல்லலாம். ஆனால் சில அவசர ஆய்வுகளில் அதற்கு நேரம் இருக்காது.

எங்களுக்குப் பெரிய தடை அப்புறம்தான் வருகிறது. மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் போன் செய்து, தனியாக நடக்கிறாரா, சட்டையை அவரே போட்டுக்கொள்கிறாரா என்று கேட்போம். பனியன் கம்பெனிக்குப் போகிற பேரனின் நம்பரைக் கொடுத்திருப்பார்கள். ஷிப்ட் நேரத்தில் எடுக்க மாட்டார், இல்லையென்றால் சிம் மாறியிருக்கும். நன்றாக இருப்பவர்கள் எடுத்து, உடல்நிலை மோசமானவர்கள் விட்டுப்போனால், சிகிச்சை உண்மையைவிட நல்லதாகத் தெரிந்துவிடும். அது அடுத்த நோயாளியைத்தான் பாதிக்கும்.

இறந்துவிட்டவர் வீட்டில், "அவரே போயிட்டாருங்க, இனி என்னத்தக் கேக்கறீங்க" என்பார்கள். கேட்க எனக்கும் மனசு வராது. ஆனாலும் எந்தத் தேதியில் இறந்தார் என்பதாவது எங்களுக்கு வேண்டும்.

டிஸ்சார்ஜ் அன்று இரண்டு நம்பர் கொடுங்கள். ஒன்று வீட்டில் கூடவே இருப்பவருடையதாக இருக்கட்டும். எந்த மாதம் கூப்பிடுவார்கள் என்று கேட்டுச் சீட்டின் பின்னால் எழுதி வையுங்கள். பேசுகிறவர் பணமோ ஓடிபியோ கேட்டால் உடனே வைத்துவிடுங்கள். ஆய்வுக்காக யாரும் அதைக் கேட்க மாட்டார்கள். சந்தேகம் என்றால் ஒப்புதல் படிவத்தில் இருக்கும் நம்பருக்கு நீங்களே கூப்பிட்டு விசாரியுங்கள்.