சத்தம் போடும் டேப்பெட்டும் சத்தமில்லாத புழுதியும்

மண்டபத்தில் படகு எஞ்சின் பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் எங்கள் வீட்டு அம்பாசடரைக் கொண்டுபோனேன். 1978 மாடல். பானெட்டைத் திறக்கும் முன்பே காதைச் சாய்த்துக் கேட்டார்.

"டேப்பெட் சத்தமே வரலையே தம்பி, கடைசியா எப்ப செட் பண்ணுனது?"

எஞ்சின் அமைதியாக ஓடுகிறதே என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

இந்த 1489 சிசி எஞ்சினில், வால்வுகளைத் திறக்கவைக்கும் மேடுகள் கொண்ட கேம் ஷாஃப்ட் என்ற தண்டு கீழே இருக்கிறது. அது சுழலும்போது, அதன்மேல் உட்கார்ந்திருக்கும் டேப்பெட் என்ற சிறு உருளை எழுந்து, புஷ் ராட் என்ற நீளக் கம்பியைத் தள்ளும். புஷ் ராட் ராக்கரின் ஒரு நுனியைத் தூக்க, மறுநுனி, காற்றும் புகையும் போய்வரும் கதவான வால்வை அமுக்கித் திறக்கும். பிள்ளைகள் இருபுறமும் உட்கார்ந்து ஆடும் சீசா பலகையைப் போலத்தான். வால்வு மூடியிருக்கும்போது ராக்கருக்கும் வால்வுத் தண்டின் நுனிக்கும் நடுவே 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். பட்டறை மொழியில் பதினைந்து தௌ; ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த இடைவெளியை ராக்கர் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் எழுவதே 'டிக் டிக்' சத்தம்.

இடைவெளி எதற்கு? சூட்டில் இரும்பு நீளும். 100 மில்லிமீட்டர் எஃகுக் கம்பி 300 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 0.36 மில்லிமீட்டர் நீண்டுவிடும். சுற்றியுள்ள பிளாக்கும் (எஞ்சின் உடல்) ஹெட்டும் (அதன் மேல்மூடி) கூடவே விரிவதால் இடைவெளி முழுதும் பறிபோகாது. ஆனால் மிச்சமே இல்லாமல் போனால் வால்வு தன் சீட்டில், அதாவது மூடும்போது பொருந்தும் விளிம்பில், முழுதாக உட்காராது. அங்கேதான் வினை. புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பங்கை, மூடியிருக்கும் நேரத்தில் சீட் வழியாகத்தான் இறக்கிவைக்கிறது. உட்கார இடமில்லாத வால்வுக்கு ஆறவும் வழியில்லை. இடுக்கில் கசியும் நெருப்புக்காற்று அதன் விளிம்பைத் தின்றுவிடும். இடைவெளி கொஞ்சம் கூடினால் சத்தமும் தேய்மானமும் வரும், இழுவை சற்றுக் குறையும். குறைந்தால் வால்வே கருகும்.

தேயத் தேய இடைவெளி கூடத்தானே வேண்டும், எப்படிக் குறைந்தது? அந்தக் கால பெட்ரோலில் ஈயம் இருந்தது. எரிந்தபின் அது சீட்டின்மேல் மெல்லிய படிவாகத் தங்கி, உலோகத்தோடு உலோகம் ஒட்டாமல் காத்தது. 2000-இல் இந்தியா முழுவதும் ஈயமில்லா பெட்ரோல் வந்தது. உடம்புக்கு நல்லது, கடினப்படுத்தாத பழைய சீட்டுக்கு ஆகாது. சீட் தேய்ந்து, வால்வு ஹெட்டுக்குள் புதைய, அதன் தண்டு ராக்கரை நோக்கி மேலே ஏறுகிறது. சத்தம் அடங்கிய மர்மம் இதுதான்.

செட் செய்ய ஒரு கணக்கு உண்டு: கூட்டினால் ஒன்பது. எட்டாம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்யலாம், ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவதை. எட்டு வால்வுகளும் முன்னும் பின்னும் கண்ணாடி பார்த்ததுபோல் அமைந்திருப்பதால் இது பலிக்கிறது. இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் லேசாகப் பிடித்து இழுபட வேண்டும். பழைய ராக்கரின் முகத்தில் வால்வு குழி பறித்திருந்தால் தட்டையான கேஜ் அந்தக் குழியின் மேலே பாலம் போட்டுவிடும். காட்டுவது பதினைந்து, உள்ளே இருப்பது இருபதுக்கு மேல்.

ஆயிலிலும் இடைவெளிக் கதைதான். எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே சில பத்து மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் ஆயில் படலம். தலைமுடியின் தடிமனுக்குச் சற்றேறக்குறைய ஒப்பு. அதைவிடப் பெரிய துகள் உள்ளே நுழையாது, மிகச் சிறியது தொடாமல் கடந்துபோகும். படலத்தின் அளவே உள்ள துகள்தான் இருபுறமும் அறுக்கும். கச்சான் காற்றில் தனுஷ்கோடி சாலையில் காலில் குத்துகிற மணலுக்குப் பயப்படத் தேவையில்லை, ஏர் ஃபில்டர் அதைப் பிடித்துவிடும். வெள்ளை வேட்டியில் படிகிற பொடிப் புழுதிக்குத்தான் பயப்பட வேண்டும். அதிலுள்ள குவார்ட்ஸ் கிராங்க்கின் எஃகைவிடக் கடினம்.

எங்கள் ஊரில் ஊருணித் தண்ணீர் கலங்கினால் பானையின் உட்புறம் தேத்தாங்கொட்டை உரைப்பார்கள். தூசி ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து அடியில் இறங்கும். இன்றைய ஆயிலில் சேர்க்கும் ரசாயனம் இதற்கு நேர் எதிர்: துகளைத் துகளோடு ஒட்டவிடாமல், மிதக்கவைத்தே ஃபில்டருக்குக் கொண்டுபோகிறது. ஆயில் சீக்கிரம் கறுப்பது அது வேலை செய்வதன் அடையாளம். சலிப்பது ஃபில்டரின் பொறுப்பு.

அதற்காக இருப்பதிலேயே நுண்ணிய ஃபில்டரைத் தேடி ஓடக்கூடாது. கண் சிறுத்தால் அடைப்பு சீக்கிரம் வரும். அடைத்தால் எஞ்சின் பட்டினியால் சாகக்கூடாதென்று பைபாஸ் வால்வு திறந்து, சலிக்காத ஆயிலையே உள்ளே விடும். பழைய கிண்ண ஃபில்டரைக் கழற்றி, திருகி மாட்டும் டப்பா ஃபில்டர் வைப்பவர்கள் உண்டு. நானும் வைத்தேன். எனக்குப் பிடித்தது அதிலுள்ள ரப்பர் தடுப்பு. வண்டி நிற்கும்போது ஃபில்டரில் உள்ள ஆயில் வடிந்துபோகாமல் அது பிடித்துவைக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் பேரிங் வறண்டு உருளாது.

கழற்றிய ஃபில்டரை அறுத்து மடிப்பை விரித்துக் காந்தம் வைத்துப் பார்ப்பேன். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் செம்பு நிறத்தில் மின்னினால் பேரிங் உள்ளடுக்கு வெளியே வந்துவிட்டது. ஒட்டாமல் நறநறத்தால் புழுதி; ஏர் ஃபில்டர் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும்.

முதல்முறை மாற்றியபோது பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டதைக் கவனிக்காமல், அதன்மேல் புதியதை முறுக்கிவிட்டேன். உச்சிப்புளி தாண்டியதும் ஆயில் விளக்கு எரிந்தது. திரும்பிப் பார்த்தால் சாலையில் நீளமாய்க் கறுப்புக் கோடு. இப்போது ஃபில்டர் மாட்டும்முன் அந்த வட்டத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்க்காமல் விடுவதில்லை.