மீட்டர் பாதி சொல்லும், பக்கெட் மீதி சொல்லும்

குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக்க எரிந்த கேஸை வெளிக்குளிரோடு ஒப்பிட்டே, வீடு வெப்பத்தை எவ்வளவு கசியவிடுகிறது என்று அளக்கிறார்கள். பிரிட்டனில் வெளி வெப்பநிலை 15.5 டிகிரிக்குக் கீழே எத்தனை டிகிரி, எத்தனை நாள் இறங்கியது என்பதே அளவுகோல். அதே கணக்கைச் சென்னை ராயபுரத்தில் மொட்டை மாடிக்குக் கீழ் உள்ள வீட்டில் ஏசியை வைத்துப் போடலாம். ஆனால் மின் மீட்டர் மட்டும் போதாது. கடலோரக் காற்றின் ஈரத்தையும் ஏசி பிழிய வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் வடிந்தால், ஏறக்குறைய 0.68 யூனிட் அளவு வெப்பம் அதற்கே போயிருக்கிறது. அதனால் டிரெயின் குழாயடியில் ஒரு பக்கெட் வையுங்கள். (கீழ்வீட்டுக்காரரும் சந்தோஷப்படுவார்.)

ஃபில்டரைக் கழுவிவிட்டு, மே மாத இரவு ஒன்றில் 7 மணிக்கு ஏசியை 26 டிகிரியில் போடுங்கள். முதல் ஒரு மணி நேரம் கணக்கில் வேண்டாம். சூடேறிய கட்டிலும் பீரோவும் ஆறும் நேரம் அது. 8 முதல் 12 வரை, 2 முதல் 6 வரை என இருமுறை யூனிட்டையும் தண்ணீரையும் குறியுங்கள். ஃபிரிட்ஜின் பங்கை முந்தைய இரவே, ஏசி இல்லாமல், இதே நேரங்களில் அளந்து கழித்துவிடுங்கள்.

தண்ணீர் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க, முதல் வேளை யூனிட் மட்டும் எகிறியிருந்தால் கூரைதான் காரணம். பகலில் குடித்த வெயிலை கான்கிரீட் பல மணி நேரம் கழித்துத்தான் உள்ளே விடும். மேற்குச் சுவரும் அப்படியே. கை வைத்தாலே தெரியும். வெறும் 15 செ.மீ. கான்கிரீட் கூரை, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு 3 வாட்டுக்கு மேல் கடத்தும். வீடுகளின் மின்சிக்கனத்துக்காக மத்திய அரசு 2018இல் கொண்டுவந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா விதி அனுமதிப்பது 1.2 வாட்தான். தட்டோட்டின் மேல் வெள்ளையடிப்பது வெயிலைத் திருப்பி அனுப்பும், கடத்தலைக் குறைக்காது. இருந்தாலும் செலவைப் பார்த்தால் முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

யூனிட் இரு வேளையும் பெரிதாக மாறாமல் பக்கெட் மட்டும் நிறைகிறதா? காற்று புகுகிறது. 10க்கு 10 அறை, 10 அடி உயரம் என்றால், உள்காற்று ஒருமுறை முழுதாக மாறும்போது கால் லிட்டர் போல வடியும். தூங்கும் இருவரின் மூச்சும் வியர்வையும் நான்கு மணி நேரத்தில் சுமார் 0.4 லிட்டர். அதைக் கழித்து மிச்சம் 2 லிட்டர் என்றால், அறைக்காற்று எட்டு முறை மாறியிருக்கிறது, அதாவது மணிக்கு இரண்டு முறை. கதவடி இடுக்கு, ஜன்னல் சட்டம், செம்புக்குழாய் போகும் சுவர் ஓட்டை மூன்றையும் பாருங்கள். பெரும்பாலும் அந்த ஓட்டையைத்தான் யாரும் அடைத்திருக்க மாட்டார்கள்.