வெள்ளையடிக்கும் முன் வில்லங்கம் பாருங்கள்: தமிழ்நாட்டில் வீடு விற்பவர் தயார் செய்ய வேண்டியவை

மாமா காலமான மறுவருடம் அத்தை ஊர் வீட்டை விற்றுவிடலாம் என்றார். முதல் வேலையாக வெள்ளையடித்தார், ஒழுகிய ஓடுகளை மாற்றினார், கிணற்றைத் தூர் வாரினார். பார்க்க வந்தவருக்கு வீடு பிடித்துப்போனது. "வில்லங்கம் போட்டுப் பார்த்துட்டு சொல்றேன்" என்று போனார். வீட்டின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாவற்றையும் காட்டும் வில்லங்கச் சான்றைத்தான் அப்படிச் சொன்னார். நான்காம் நாள் போன் செய்தார். மாமா 1998-ல் வீட்டுக் கடன் வாங்கியபோது பதிந்த அடமானம் அப்படியே நிற்கிறதாம். கடன் எப்போதோ தீர்ந்துவிட்டது. தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தை மட்டும் யாரும் பதியவில்லை. அதைச் சரிசெய்ய மூன்று மாதம் ஆனது. வந்தவர் அதற்குள் வேறு வீடு வாங்கிவிட்டார்.

அதனால்தான் சொல்கிறேன், வீடு விற்க நினைத்தால் பெயின்ட் கடைக்குப் போகும் முன் வில்லங்கச் சான்றை எடுத்துப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், புல எண் (சர்வே எண்) கொடுத்தால் காசில்லாமலே பார்க்கலாம். மிகப் பழைய பதிவுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட வேண்டும். ஒரு கவனம் தேவை: நிலம் பிரிக்கப்பட்டு உட்பிரிவு ஆகியிருந்தால் பழைய புல எண், புதிய எண் இரண்டுக்கும் தேடுங்கள். ஒன்றில் மட்டும் தேடினால் பாதிக் கதைதான் வரும்.

அடமானமோ, கடனுக்காகப் பத்திரம் ஒப்படைத்த பதிவோ தெரிந்தால் கடன் கொடுத்த இடத்துக்குப் போய் ரசீது ஆவணம் எழுதி வாங்கிப் பதியுங்கள். ரிசர்வ் வங்கி 2023 டிசம்பர் 1 முதல் ஒரு விதி வைத்திருக்கிறது. கடன் முழுதும் கட்டி முடித்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், பதிந்த அடமானத்தையும் நீக்க வேண்டும். அவர்கள் பக்கத் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. பலருக்கு இது தெரியாது. தயங்காமல் எழுத்தில் கேளுங்கள்.

அடுத்து பட்டா. பத்திரம் உங்கள் பெயரில் இருந்து, பட்டா இன்னும் தாத்தா பெயரிலோ முந்தைய உரிமையாளர் பெயரிலோ இருப்பது ஊருக்கு ஊர் நடப்பதுதான். வருவாய்த்துறை இணையதளத்தில் பட்டாவையும் புலப்படத்தையும் இலவசமாகப் பார்க்கலாம். பெயர் மாற்றத்துக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். உட்பிரிவு தேவையில்லை என்றால் சீக்கிரம் முடியும். தேவை என்றால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும், நாள் பிடிக்கும். பட்டா விற்பவர் பெயரில் சரியாக இருந்து, முழு புல எண்ணும் கைமாறுகிறது என்றால், பதிவு முடிந்ததும் வாங்குபவர் பெயருக்குப் பட்டா தானாகவே மாறும் வசதி இப்போது இருக்கிறது. பட்டா சுத்தமாக இருக்கிறதா என்று வாங்குபவர் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். அப்பா பெயர் பத்திரத்தில் 'முத்தையா', பட்டாவில் 'முத்து' என்று இருந்தாலும் இப்போதே திருத்திவிடுங்கள்.

வீடு வாரிசாக வந்தது என்றால் இன்னும் கவனம் வேண்டும். தாசில்தாரிடம் வாரிசுச் சான்று வாங்க வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஓர் ஆண் இறந்தால், அவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருந்தால் அவருடைய தாயார் எல்லோருக்கும் சமபங்கு. அவருக்கு முன்பே இறந்த பிள்ளையின் குடும்பத்துக்கும் பங்கு போகும். "பொண்ணுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே" என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. அக்கா, தங்கைகளை விட்டுவிட்டு எழுதிய கிரயம் பின்னால் வழக்காகும். அவர்கள் உரிமையை மதித்து முதல் நாளே உட்கார்ந்து பேசுங்கள்.

ஒருவர் பெயரில் கொண்டுவர வேண்டுமானால் மற்றவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதித் தரலாம். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைக் கட்டணம் சொத்து மதிப்பில் 1 சதவீதம், பதிவுக் கட்டணமும் 1 சதவீதம். 2023 ஜூலை 10 முதல் இவற்றுக்கு உச்சவரம்பு முறையே 40,000, 10,000 ரூபாய். அல்லது எல்லோருமாகச் சேர்ந்தே கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாம், தனிச் செலவில்லை. மைனர் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பொது அதிகார ஆவணம் (பவர்) எழுதிச் சான்று பெற்று அனுப்பலாம். அது இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும்.

வீடு இருக்கும் மனைப் பிரிவு (லேஅவுட்) அங்கீகாரம் இல்லாதது என்றால் ஒரு தேதியைப் பாருங்கள்: 2016 அக்டோபர் 20. அதற்கு முன் ஒருமுறை வீட்டுமனையாகப் பதிவானது என்றால் மறுபதிவு செய்யலாம்.

அத்தை வீட்டில் ஒரு மஞ்சள் பை உண்டு. அதற்குள் கம்பியில் குத்திய வீட்டு வரி ரசீதுகள் இருபது வருடத்துக்கு வரிசையாக இருந்தன. இரண்டாவதாக வந்தவர் அந்தக் கட்டை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்த பிறகுதான் விலை பேசவே உட்கார்ந்தார். வீட்டு வரி, தண்ணீர் வரி, மின் இணைப்பு மூன்றும் பாக்கியில்லாமல் உங்கள் பெயரில் இருக்கட்டும்.

பணம் பேசும்போது: கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் வழக்கமாக வாங்குபவர் கட்டுவார். செலவைக் குறைக்க "பத்திரத்தில் கம்மியா போட்டுக்கலாம், மிச்சம் ரொக்கமா தர்றேன்" என்பார் சிலர். சம்மதிக்காதீர்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே வருமான வரித்துறை அபராதம் போடலாம். முன்பணமும் இதில் சேரும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்டுவார். நீங்கள் பான் எண் கொடுக்காவிட்டால் அது 20 சதவீதம்.

லாபத்துக்கும் வரி உண்டு. இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீடு என்றால் 12.5 சதவீதம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியதாக இருந்தால், விலைவாசி உயர்வைக் கழித்துக்கொண்டு 20 சதவீதம் என்ற பழைய கணக்கையும் போட்டுப் பார்த்து, குறைவானதைக் கட்டலாம். வாரிசாக வந்த வீட்டுக்கு, முன்னவர் வாங்கிய விலையும் அவர் வைத்திருந்த காலமும் உங்கள் கணக்கில் சேரும். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியது என்றால், அந்தத் தேதியில் பதிவுக்காக அரசு வைத்திருந்த வழிகாட்டி மதிப்புக்கு மிகாமல் சந்தை மதிப்பையே அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். அந்த மதிப்பையும், வீட்டில் கூட்டிக் கட்டிய செலவு பில்களையும் விற்கும் முன்பே தேடி வையுங்கள்.

இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினாலோ, மூன்று வருடத்துக்குள் கட்டினாலோ, லாபத்தில் அதற்குப் போட்ட தொகைக்கு வரி விலக்கு கிடைக்கும். இன்னும் வாங்கவில்லை என்றால், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதிக்குள் அந்தத் தொகையை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும். அத்தை அப்படித்தான் போட்டுவைத்து, அடுத்த பொங்கலுக்குள் மகள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் சின்னதாக ஒரு வீடு வாங்கினார். அதற்கும் முதலில் வில்லங்கம் போட்டுப் பார்த்தார்.