கீமோ காய்ச்சலுக்கு விளக்கெண்ணெய் மருந்தல்ல

"கீமோ மருந்து சூடு டாக்டர். உச்சியில விளக்கெண்ணெய் வச்சு பதநீர் குடுத்தா இறங்கிரும்னு சொன்னாவ." புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏற்றியவருக்குக் காய்ச்சல் வந்தால், வீட்டார் இதைச் சொல்லி, இரண்டு நாள் வீட்டிலேயே வைத்திருந்துவிட்டு, ரத்த அழுத்தம் விழுந்தபிறகு ஸ்ட்ரெச்சரில் கொண்டுவருகிறார்கள். இந்த மாதமும் அப்படித்தான்.

கீமோ காய்ச்சல் உடம்புச் சூடு இல்லை. பதநீரோ, இளநீரோ, உள்ளங்காலில் தேய்க்கும் எண்ணெயோ அதைத் தணிக்காது. ரத்த அணுக்கள் உண்டாகும் எலும்பு மஜ்ஜையையும் மருந்து தாக்குவதால், பெரும்பாலும் மருந்து ஏற்றிய 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாளுக்குள் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும். அப்போது வரும் காய்ச்சலைக் கிருமித் தொற்று என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். "சளி இல்ல, புண்ணு இல்ல, எங்கேர்ந்து தொற்று?" என்று வாதாடுவார்கள். சீழ் வைக்கவே வெள்ளை அணு வேண்டுமய்யா! அது இல்லாதபோது காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். கிருமியும் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. நோயாளியின் வாயிலும் குடலிலும் இருப்பதே போதும்.

அந்த ஒரே அடையாளத்தையும் பாராசிட்டமால் போட்டு மறைத்துவிடாதீர்கள். தொட்டுப் பார்ப்பதும் கணக்கில்லை. டிஜிட்டல் தெர்மாமீட்டரை நாக்குக்கடியில் வையுங்கள். காப்பி குடித்திருந்தால் 20 நிமிடம் பொறுங்கள். 100.4 காட்டினால் கிளம்ப வேண்டியதுதான். காய்ச்சலே இல்லாமல் உதறல் எடுத்தாலும் கிளம்புங்கள். ஏனென்றால், கீமோவோடு வாந்திக்குக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் மருந்து காய்ச்சலை அமுக்கி வைக்கும்.

பக்கத்துக் கிளினிக்கில் இடுப்பு ஊசி வேண்டாம். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களும் குறைந்திருந்தால் உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும். எனிமா, ஆசனவாய் மாத்திரை கூடவே கூடாது.

சாப்பாட்டில் ஏன் இத்தனை பத்தியம் என்பது எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை. முட்டை, மீன், கறி எல்லாம் கொடுக்கலாம். நன்றாக வெந்திருக்க வேண்டும், சூடாக இருக்க வேண்டும். அந்த நாட்களில் பழைய சோறும், பஸ் ஸ்டாண்டில் நறுக்கி வைத்த பழமும் மட்டும் வேண்டாம்.

திசையன்விளையோ, ஆலங்குளமோ, ராத்திரி பதினொரு மணியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். மகன் சென்னையிலிருந்து வரட்டும், விடியட்டும் என்று தயவுசெய்து உட்கார்ந்திருக்காதீர்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில் (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) அவசரப் பிரிவு ராவும் பகலும் உண்டு. கீமோ ஃபைலைக் கையோடு எடுங்கள். உள்ளே போனதும் முதல் வார்த்தையாக, "கீமோ போட்டு இத்தனை நாளாச்சு, காய்ச்சல்" என்று சொல்லுங்கள். வந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் ஏறியாக வேண்டும்; இதைச் சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் வரிசையில் உட்கார்த்திவிடுவார்கள்.