ஹேக்கிங் என்றால் ஊடுருவலா, கொந்துதலா?

ஹேக்மட் என்று 2016இல் வந்த ஒரு கணினி விளையாட்டு; பூட்டுகளை ஹேக் செய்து அடுத்தவர் கணக்கில் நுழைவதுதான் அதில் ஆட்டம். படம் கிடையாது, கறுப்புத் திரையில் எழுத்துகள் மட்டும்தான். நண்பர் ஒருவர் அதற்குத் தமிழில் வழிகாட்டி எழுதினார். ஹேக்கிங் வந்த இடமெல்லாம் 'ஊடுருவல்'. இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

ஆங்கிலத்தில் ஹேக் என்பதன் பழைய பொருள் வெட்டு, கொத்து. 1950களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவன மாணவர்களின் மாதிரி ரயில் சங்கத்தில் புழங்கி, அப்புறம் கணினிக்கு வந்தது. தமிழில் கொந்துதல் என்றால் குத்துவது, கொத்துவது. அணில் கொந்தின மாம்பழம் என்கிறோமே, அதுதான். கொந்தர் என்ற சொல்லும் கணினித் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது.

ஊடுருவல் ஏன் பொருந்தாது? ஒளி கண்ணாடியை ஊடுருவும்; தடையே இல்லாததுபோல் மறுபக்கம் போய்விடும். ஹேக்மட்டில் அப்படியா நடக்கிறது? ஈஇசட்_21 என்ற பூட்டுக்கு அன்லாக், ஓப்பன், ரிலீஸ் என்ற மூன்றில் ஒன்று சாவி. ஒன்றைப் போட்டால் 'தவறு' என்று பதில் வரும். அடுத்ததைப் போட வேண்டும். ஈஇசட்_35 என்ற பூட்டு இதோடு 0 முதல் 9 வரை ஓர் இலக்கமும் கேட்கும். மூன்றைப் பத்தால் பெருக்கினால் முப்பது வழி. கொத்திப் பார்த்து, பதிலைப் படித்து, மறுபடி கொத்துவதுதான் ஆட்டமே. உள்ளே போவது அதன் முடிவு மட்டும். முடிவின் பெயரை வேலைக்கு வைத்தால் வேலை எப்படி விளங்கும்?

இன்னொரு கேடும் உண்டு. அந்த விளையாட்டில் பலர் தங்கள் விளையாட்டுப் பணத்தை இழப்பது யாரும் பூட்டை உடைத்ததால் அல்ல. அடுத்தவர் எழுதிய நிரலை, அதன் பாதுகாப்பு நிலை ஃபுல்செக்கா (முழுப் பாதுகாப்பு) நல்செக்கா (பாதுகாப்பே இல்லை) என்று பார்க்காமல் தாங்களே இயக்கிவிடுவதால்தான். இதற்குப் பெயர் ஏமாறுதல். வழிகாட்டி இதையும் ஊடுருவல் என்றால், புதிதாக வருபவர் பூட்டைப் பலப்படுத்திவிட்டு அதே குழியில் விழுவார்.

செய்தித்தாள்களும் இப்படித்தான். ஓடிபியைத் தானே சொல்லி ஏமாந்தவரின் கணக்கும் 'ஹேக்', இணையதளத்தின் முகப்பை யாரோ மாற்றினால் 'முடக்கம்'. தளம் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, எது முடங்கியது? மொழிபெயர்ப்பவர்கள் நடந்தது என்னவென்று ஒருமுறை பார்த்துவிட்டு எழுதக் கூடாதா?

கொந்துதல் வேண்டாம் என்றால் ஹேக்கிங் என்றே எழுதுங்கள், எனக்குச் சம்மதம். நண்பர் நிரல் பற்றிய பகுதியில் மட்டும் 'ஊடுருவப்பட்டீர்கள்' என்பதை 'ஏமாந்தீர்கள்' என்று மாற்றியிருக்கிறார். பூட்டுப் பகுதிக்கு இன்னும் ஒப்பவில்லை.