ஆர்.டி.இ. சீட் கிடைத்துவிட்டது, வகுப்பில் இடம் கிடைத்ததா?

போன வருஷம் ஒரு அம்மா மகனின் பள்ளி டைரியைக் கொண்டுவந்து காட்டினார். இரண்டாம் வகுப்புப் பையன். அந்த வாரம் வகுப்பில் இலைகளில் பெயின்ட் தடவி அட்டையில் பதிக்கும் வேலை. எல்லாப் பிள்ளைகளும் தரையில் வட்டமாக உட்கார்ந்து செய்திருக்கிறார்கள். இவனையும் இன்னும் இரண்டு பேரையும் மட்டும் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து ஒன்று முதல் நூறு வரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். டைரியில் சிவப்பு மையில் ஒரே வரி: 'ஆக்டிவிட்டி ஃபீஸ் பெண்டிங்'. பையன் வீட்டுக்கு வந்ததும் மஞ்சள்தூளைக் குழைத்து வேப்பிலையில் தடவி, சமையலறைச் சுவர் முழுக்கப் பதித்துவைத்துவிட்டான்.

அந்த மூன்று பேரும் ஆர்.டி.இ. சீட்டில் சேர்ந்தவர்கள்.

ஆர்.டி.இ. எனப்படும் 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடங்களை நலிந்த, பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும். எட்டாம் வகுப்பு முடியும்வரை கட்டணம் கிடையாது. பள்ளிக்குரிய தொகையை அரசு தரும். வரலாறு இவ்வளவு போதும்.

சீட் கிடைத்த சந்தோஷத்தில் பெற்றோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. ஆர்.டி.இ. பிள்ளைகளை வகுப்பறையில் பிரித்து உட்காரவைக்கக் கூடாது, தனி இடத்திலோ தனி நேரத்திலோ வகுப்பு நடத்தக் கூடாது, புத்தகம், சீருடை, நூலகம், கணினி, விளையாட்டு, கலை நிகழ்ச்சி எதிலும் பாகுபாடு கூடாது என்று சட்டத்தின் கீழ் வந்த மாதிரி விதிகள் சொல்கின்றன. சட்டத்தின் 29ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், பிள்ளைகள் செயல்பாடு வழியாக, தேடிக் கண்டுபிடித்துப் படிக்க வேண்டும் என்கிறது. அப்படியானால் இலை பதிப்பதும் களிமண் பிசைவதும் பாடத்துக்கு மேல் போட்ட அலங்காரம் அல்ல, பாடமே அதுதான். பாடத்துக்குக் காசு வாங்கக் கூடாதென்றால் இலைக்கும் பெயின்டுக்கும் எப்படி வாங்கலாம்? 'ஆக்டிவிட்டி', 'ஸ்மார்ட் கிளாஸ்', 'டெர்ம் ஃபீஸ்' என்று பெயரை மாற்றிக் கேட்டால் இந்தக் கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள்.

பள்ளி சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "கவர்மென்ட்டே எங்களுக்கு இன்னும் பணம் தரலைங்க." பல நேரம் அது உண்மையும்கூட. பாக்கி வருஷக்கணக்கில் இழுக்கிறது. 2025-26ல் தமிழ்நாட்டில் மத்திய, மாநில அரசுகளின் நிதி இழுபறியில் சேர்க்கையே அக்டோபர் வரை தள்ளிப்போனது. இருக்கட்டும். அது பள்ளிக்கும் அரசுக்கும் உள்ள கணக்கு. ஏழு வயதுப் பையனைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தா அதை வசூலிப்பது? சீருடை, புத்தகச் செலவையும் அரசே ஏற்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023ல் சொன்னது. ஆனாலும் பள்ளி அலுவலகத்தில் அந்தச் செலவுக்கான பில் பெற்றோர் கையில்தான் திணிக்கப்படுகிறது. வேன் கட்டணம் மட்டும் இந்தச் சலுகையில் வராது, அதில் வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

விண்ணப்பிக்கும்போதே கால் இடறும் இடங்கள் உண்டு. வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிக்குத்தான் முன்னுரிமை. வாடகை வீடு மாறியவர்கள் ஆதாரில் பழைய முகவரியை வைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். மார்ச் மாதத்துக்குள் அதை மாற்றிவிடுங்கள். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்த 25 சதவீதம் பொருந்தாது. பெயர்ப்பலகையைப் பார்த்து அது தெரியாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எல்.கே.ஜி. உள்ள பள்ளியில் சீட் எல்.கே.ஜி.யில்தான். ஒன்றாம் வகுப்பில் கேட்கலாம் என்று இரண்டு வருஷம் காத்திருந்து ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் என்பது நலிந்த பிரிவில் விண்ணப்பிப்பவர்களுக்கு. எஸ்.சி., எஸ்.டி., பி.சி., எம்.பி.சி. பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் போதும். இது தெரியாமல் வருமானச் சான்றுக்காக இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைந்து, கடைசித் தேதியைக் கோட்டைவிடுகிறார்கள்.

சேர்ந்த பிறகு முக்கியமாகக் கவனிக்க வேண்டியது கையெழுத்து. 'என் சொந்த விருப்பத்தில் கட்டணம் செலுத்துகிறேன்' என்றோ, 'சொந்தக் காரணத்தால் டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) கேட்கிறேன்' என்றோ தாளை நீட்டுவார்கள். போடாதீர்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியைவிட்டு அனுப்பக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் நீங்களே கேட்டு டி.சி. வாங்கியதாக எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தச் சட்டம் உங்களுக்கு உதவாது. வேறு பள்ளிக்குப் போனால் இந்தச் சீட்டும் கூடவே வராது. காசு கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். பள்ளியின் கணக்குக்கு அனுப்பி, ரசீது கேளுங்கள்.

அடுத்தது புகார். வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போனால் "தனியார் பள்ளி எங்ககிட்ட இல்லை" என்பார்கள். முதன்மைக் கல்வி அலுவலகத்தில் "டி.இ.ஓ.வைப் பாருங்க" என்பார்கள். எந்த டி.இ.ஓ. (மாவட்டக் கல்வி அலுவலர்) என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். 2022க்குப் பிறகு தனியார் பள்ளிகளுக்கென்றே தனி மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார். மனு அவர் பெயருக்கே போக வேண்டும். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். தேதி, நடந்தது, யார் சொன்னார்கள் என்று ஒரு பக்கம் எழுதி, டைரிப் பக்கத்தின் நகலையும் இணைத்து, கல்வி உரிமைச் சட்டம் 3, 8, 17, 29 பிரிவுகள் என்று குறிப்பிடுங்கள். 17 அடிப்பதை மட்டும் தடுக்கும் பிரிவு அல்ல, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. ஒப்புகை தர மறுத்தால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் அதே மனுவைக் கொடுங்கள். அது சுற்றி அதே டி.இ.ஓ. மேசைக்குத்தான் வரும், ஆனால் ஒரு எண்ணோடு வரும். கல்வித்துறையின் 14417 உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். அதற்கும் அசையாவிட்டால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது.

"புகார் கொடுத்தா பிள்ளையைப் பழிவாங்குவாங்களே?" என்று எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள். பயம் நியாயமானதுதான். அதனால்தான் தனியாகப் போக வேண்டாம் என்கிறேன். அதே வகுப்பில் உங்கள் நிலையில் இன்னும் சிலர் இருப்பார்கள். சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போடுங்கள்.

அந்த அம்மாவும் மற்ற இரண்டு வீட்டாரும் அப்படித்தான் செய்தார்கள். மூன்று வாரம் ஆனது. பையன் இப்போது வட்டத்தில்தான் உட்காருகிறான். முதல் பருவத்தில் 'ஆக்டிவிட்டி'க்காக ரொக்கமாகக் கட்டிய ஆயிரம் ரூபாயைத் திரும்பக் கேட்டதற்கு, ரசீது இருக்கிறதா என்றார்கள். இல்லை.